பத்தொன்பதாவது ஆள்

துர்சுனாய்க்கு முன்னால் அந்த வீட்டில் மூன்று பிள்ளைகள் பிறந்து, மூன்றும் ஒரு வயது தாண்டாமல் போயின. நாலாவதாக இவள் பிறந்தபோது, இதாவது தங்கட்டும் என்றுதான் அந்தப் பெயரை வைத்தார்கள். தங்கினாள். நாற்பத்தேழு வயதுவரைக்கும் அவளைப் பற்றிச் சொல்ல அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. பிஷ்கெக்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் நர்ஸ் வேலை. பிள்ளைகளுக்குப் பேன் பார்ப்பது, தடுப்பூசி போடுவது, பரீட்சை நாளில் வயிற்றுவலி என்று வருகிறவனை முகத்தைப் பார்த்தே வகுப்புக்குத் திருப்பி அனுப்புவது. புருஷன் கட்டட வேலைக்கென்று ரஷ்யாவுக்குப் போய்ப் பதினோரு வருஷம். முதல் இரண்டு வருஷம் போன் வந்தது. அப்புறம் அவனுக்கு அங்கே வேறு குடும்பம் இருப்பதாக யாரோ சொன்னார்கள். அவள் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. மகள் பெர்மெத்தை ஒற்றை ஆளாக வளர்த்து, மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் வருஷம் வரைக்கும் கொண்டுவந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவளுக்கு வேறொரு வேலை இருந்தது. தெமிர் என்கிற முப்பத்தாறு வயது ஆள் ஒரு மலையேறும் குழு நடத்தினான். காலை ஆறு மணிக்கு வேனில் நகரத்து ஜனங்களை ஏற்றிக்கொண்டு போய், ஏதாவது ஒரு அருவியையோ ஏரியையோ காட்டிவிட்டு இருட்டுவதற்குள் கொண்டுவந்து விடுவான். முதலுதவி தெரிந்த ஆள் ஒருத்தர் கூட இருந்தால் தேவலை என்று துர்சுனாயைச் சேர்த்துக்கொண்டான். மூத்தவள் என்பதால் குழுவில் எல்லோருக்கும் அவள் "எஜே", அதாவது அக்கா. தெமிர் முன்னால் போவான், எஜே கடைசியில் வருவாள். அதுதான் ஏற்பாடு.

கடைசியில் நடப்பவளுக்கு மலையைவிட மனுஷர்கள்தான் அதிகம் கண்ணில் படுவார்கள். மூச்சு வாங்குகிறவர்கள், கால் கொப்புளித்தவர்கள், பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டுத் தனியாக வந்தவர்கள் எல்லாம் பின்தங்கிப் பின்தங்கி அவளிடம்தான் வந்து சேர்வார்கள். கையில் இருக்கும் காய்ந்த தயிர் உருண்டையை நீட்டுவாள், கதையைக் கேட்பாள், "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று பொய் சொல்லுவாள். ஆறு வருஷத்தில் ஒருத்தரையும் அவள் விட்டுவிட்டு வந்ததில்லை.

துமான் ஏரிக்கு அந்த வருஷத்தின் கடைசிப் பயணம் அக்டோபர் கடைசி ஞாயிறு. அதற்கு மேல் போனால் பாதை பனியில் மூடிவிடும். பயணிகள் பத்தொன்பது பேர். வேன் ஓட்டுகிறவர் சத்தார், அறுபதை நெருங்கியவர், எல்லோருக்கும் "பைகே", அதாவது அண்ணன். வாய் சும்மா இராது. கடைசியாக ஏறியவனின் காலில் இருந்த வெள்ளை ஷூவை அவர்தான் முதலில் பார்த்தார்.

"ஏம்ப்பா, ஏரிக்குப் போறியா, கல்யாணத்துக்குப் போறியா?"

"கல்யாணம் நின்னுபோச்சு பைகே. ஷூ மட்டும் மிஞ்சிடுச்சு."

வேன் முழுக்கச் சிரித்தது. சத்தாரே ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அவன் பெயர் எர்மெக். முப்பத்து மூன்று வயது, பல் கட்டுகிற ஒரு பட்டறையில் வேலை, சொந்த ஊர் நரின் பக்கம். யாரோடும் சேர்ந்து வரவில்லை. அந்த ஒரு பேச்சுக்குப் பிறகு ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வாயே திறக்கவில்லை. மலையில் முதல்முறை ஏறுகிறவன் என்பதால் நாலாவது மணி நேரத்தில் அவனும் பின்தங்கி எஜேயிடம் வந்து சேர்ந்தான். அவள் பையைத் தான் தூக்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டான். அவள் கொடுக்கவில்லை.

ஒரு மணிக்கு ஏரியை அடைந்தார்கள். அந்தப் பருவத்தில் துமான் ஏரி பார்ப்பதற்கு அழகு என்று சொல்ல முடியாது. பனியாற்றிலிருந்து உருகி வரும் தண்ணீர் குறைந்து, கரை இருபதடி உள்வாங்கி, சாம்பல் நிறச் சேறு வெளியே தெரியும். ஓரத்தில் கண்ணாடித் தகடாகப் பனிக்கட்டி கட்டியிருக்கும். நகரத்தார் அதையும் படம் எடுத்துக்கொண்டார்கள். சாப்பாட்டுப் பொட்டலங்களைப் பிரித்து, பிளாஸ்கில் இருந்த டீயை ஊற்றிக்கொண்டார்கள். முக்கால் மணி நேரம் போயிருக்கும். எர்மெக் எழுந்து, ஏரியின் எதிர்க்கோடியில் பனியாற்றின் நாக்கு இறங்குகிற இடத்தைக் காட்டினான்.

"எஜே, அந்தப் பக்கம் போய் ஒரு போட்டோ எடுத்துட்டுப் பத்து நிமிஷத்துல வந்துடறேன்."

"சீக்கிரம் வாங்க" என்றாள் அவள்.

அவன் கல்மேட்டைத் தாண்டிப் போனான். அவன் போய் ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, மேற்கே கணவாயிலிருந்து மேகம் இறங்க ஆரம்பித்தது. தெமிர் வானத்தைப் பார்த்துவிட்டு எல்லோரையும் கிளம்பச் சொன்னான். அவசரத்தில் லாரிசா என்கிற ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி கரையில் பனிபடிந்த கல்லில் வழுக்கி விழுந்தாள். முழங்கால் பிசகிவிட்டது. துர்சுனாய் மண்டியிட்டுக் கட்டுப் போட ஆரம்பித்தாள். லாரிசா வலியில் அழுதாள், தன்னை விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்று வேறு அழுதாள். கட்டுப் போட்டு முடித்து நிமிர்ந்தபோது கரையில் ஆள் இல்லை. கீழே வளைவில் தெமிர் நின்றிருந்தான். எல்லோரும் போயாச்சா என்று அவள் குரல் கொடுத்தாள். போயாச்சு, அவங்களைக் கைத்தாங்கலா கூட்டிட்டு வாங்க என்று அவன் பதில் கொடுத்தான்.

ஏரியை விட்டுக் கிளம்புமுன் அந்தக் கல்மேட்டில் ஏறி நாலு பக்கமும் ஒரு தடவை பார்த்துவிட்டு இறங்குவது கடைசியில் நடப்பவளின் வேலை. ஐம்பது அடிகூட இருக்காது. ஆறு வருஷமாக ஏறிப் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு லாரிசாவின் முழுப் பாரமும் அவள் தோளில் இருந்தது. பனித்தூள் முகத்தில் அடிக்கத் தொடங்கியிருந்தது. பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்றவன் நினைவிலேயே இல்லை. அவள் ஏறவில்லை.

கீழே வேன் நின்ற இடத்துக்கு வரும்போது நன்றாக இருட்டிவிட்டது. அவளுக்கு முன்பே எல்லோரும் ஏறி, கோட்டுத் தொப்பியை இழுத்து மூடிக்கொண்டு தூங்கிவழிந்தார்கள். வேனின் பின்பக்க விளக்கு எரியவில்லை. வாசற்படியில் நின்றபடியே லாரிசாவையும் சேர்த்துப் பயணிகளின் தலைகளை எண்ணினாள். பத்தொன்பது. சரியாக இருந்தது. கிளம்பலாம் என்றாள்.

நாற்பது நிமிஷம் கீழே இறங்கியதும் முதல் கிராமம் வரும். அங்கே சத்தார் யாரும் கேட்காமலே வண்டியை நிறுத்தினார். பின்சீட்டிலிருந்து ஒரு கிழவர் எழுந்து, தூங்குகிறவர்களின் கால்களைத் தாண்டி முன்னால் வந்தார். கையில் ஒரு குதிரைச் சேணம். வண்டியில் இருந்தவர்களுக்கு நல்லது நடக்கட்டும் என்று இரண்டு கையாலும் தன் முகத்தைத் தடவி ஆசீர்வாதம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

துர்சுனாய் சத்தாரைப் பார்த்தாள். "யாரு இது?"

"பாவம், மேய்ச்சல்காரரு. மேல குதிரை கால் ஒடிஞ்சு செத்துப்போச்சாம். சேணத்தத் தூக்கிக்கிட்டு நடந்தே வந்தாரு. ஏறிக்கோன்னேன்."

"எப்ப ஏத்துனீங்க?"

"நீ வர்றதுக்கு முன்னாடிதான். ஏன்?"

அவள் எழுந்து மறுபடி எண்ணினாள். பிறகு ஒவ்வொருவர் முகத்திலும் டார்ச் அடித்து எண்ணினாள். பதினெட்டு. ஜன்னல் ஓரத்து இருக்கையில் ஆள் இல்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் அவளுக்கு இன்றைக்கும் பிடிபடாதது. யாரும் கத்தவில்லை. தெமிர் எர்மெக்கின் எண்ணுக்குப் போன் போட்டான், தொடர்பு கிடைக்கவில்லை. அவன் முன்பே இறங்கி வேறு யார் காரிலாவது போயிருக்கக்கூடும் என்று ஒருத்தர் சொன்னார். இருக்கலாம், இருக்கலாம் என்று நாலைந்து பேர் தலையாட்டினார்கள். இருக்கலாம் என்று நினைப்பது எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது. துர்சுனாய்க்கும் ஒரு நிமிஷம் சௌகரியமாக இருந்தது. காலையில் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பணும் என்றாள் ஒருத்தி. லாரிசா முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகினாள். மீட்புப் படைக்குத் தகவல் சொல்லி, வண்டியை நகரத்துக்கு அனுப்புவதென்று முடிவாவதற்குள் அரை மணி நேரம் கரைந்துவிட்டது. அவள் வண்டியில் திரும்ப ஏறவில்லை. சேணத்தோடு இறங்கிய கிழவரின் வீட்டைத் தேடிப் போய்க் கதவைத் தட்டினாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. பிள்ளைகள் இரண்டு பேரையும் குதிரைகளோடு கூட்டிக்கொண்டு அவரும் கிளம்பினார். புல்வெளிக்கு மேலே குதிரைகளின் நெஞ்சுமட்டம் பனி. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

மறுநாள் மதியம் மீட்புப் படையினர் எர்மெக்கைக் கண்டுபிடித்தார்கள். ஏரியிலிருந்து ஓடை வெளியேறும் இடத்தில் அவன் தவறான கரையைப் பிடித்து இறங்கியிருக்கிறான். பாதையிலிருந்து முந்நூறு அடியில், ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்த நிலையில் இருந்தான். ஒரு ஷூ மட்டும் காலில் இருந்தது. போனில் சார்ஜ் இல்லை.

இரண்டு நாள் கழித்து தெமிர் பள்ளிக்கூடத்துக்கு வந்தான். மருந்தறைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தான். கண் சிவந்து வீங்கியிருந்தது. அவன் கெட்டவன் இல்லை, சின்னக் குழந்தை ஒன்று வீட்டில் இருக்கிறது. விசாரணை அதிகாரி அவளைத்தான் முதலில் கூப்பிடுவார் என்றான். அஜாக்கிரதையால் மரணம் என்று வழக்கானால் அவளுக்குத்தான் முதல் இடம், ஏனென்றால் கடைசியில் நடந்தவள் அவள்.

"ஒரே வரி எஜே. கூப்பிட்டேன், வரமாட்டேன்னாரு, தானா வந்துக்கறேன்னாரு. அவ்வளவுதான். அவரு கையெழுத்துப் போட்ட ஃபாரம் நம்ம கிட்ட இருக்கு. என் பொறுப்புல வர்றேன்னு அதுல இருக்கு."

"அவர் அப்படிச் சொல்லலையே தெமிர்."

"செத்தவருக்கு இனிமே என்ன நஷ்டம் சொல்லுங்க. நமக்குத்தான் பிள்ளைங்க இருக்கு."

பெர்மெத்தின் படிப்பு இன்னும் மூன்று வருஷம் பாக்கி இருந்தது. துர்சுனாய் அந்த ஒரு வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சத்தார் கிழவரை ஏற்றியதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வழக்கு மெல்ல ஆறத் தொடங்கியது. துர்சுனாய் மலைக்குப் போவதை நிறுத்திவிட்டு, வழக்கம்போலப் பிள்ளைகளுக்குப் பேன் பார்த்தாள்.

ஒரு மாதம் கழிந்து, டிசம்பர் தொடங்கும் சமயம், மருந்தறை வாசலில் வெள்ளைத் தலைத்துணி கட்டிய ஒரு அம்மாள் வந்து நின்றாள். நரினிலிருந்து ராத்திரிப் பயணம் செய்து வந்தவள். எர்மெக்கின் அம்மா குமுஷ். துர்சுனாய் எழுந்து நாற்காலியைப் போட்டாள். குமுஷ் உட்கார்ந்து, கையுறைகளைக் கழற்றி மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். தான் சண்டை போட வரவில்லை என்றாள். அதிகாரி காகிதத்தைப் படித்துக் காட்டினார், கூப்பிட்டும் அவன் வரவில்லை என்று அதில் இருந்தது. அதைப் பற்றி ஒன்று கேட்கத்தான் வந்தேன் என்றாள்.

"யாரு கூப்பிட்டாலும் ஏன்னு கேக்காம எந்திரிச்சு வர்ற பிள்ளை அவன். வசந்தத்துல கல்யாணம் நின்னுபோச்சு. பொண்ணு வேற இடம் பாத்துக்கிட்டா. அதுல இருந்து போன்ல சரியா பேசறதில்ல. ஊர்ல என்ன பேசிக்கறாங்கன்னா..." அவள் நிறுத்திக்கொண்டாள். ஊர் என்ன பேசும் என்று துர்சுனாய்க்குத் தெரியும். தானாகவே உயிரை விட்டவனுக்கு எப்படித் தொழுகை வைப்பது என்று ஜனாஸா தொழுது அடக்கம் செய்த அன்றைக்கே ஒரு கிழவர் முணுமுணுத்திருக்கிறார். "நீ பக்கத்துல இருந்தவ. வரமாட்டேன்னு சொல்றப்ப அவன் முகம் எப்படி இருந்துச்சு? அத மட்டும் சொல்லு. அவன் சாகத்தான் மேல போனானா?"

இத்தனை நாளும் அந்த ஒரு வரி தன்னைக் காப்பாற்றியது என்றுதான் துர்சுனாய் நினைத்திருந்தாள். அது செத்தவனை எழுப்பி மறுபடி ஒரு தடவை சாகடித்திருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. உறைத்தும் அவள் சொல்லவில்லை. தாயை அழைப்பதுபோல அபா என்று அழைத்து, அவர் களைப்பாக இருந்தார், வேறொன்றும் இல்லை என்றாள். ஒரு டம்ளரில் மனம் தணிய மருந்துச் சொட்டு விட்டுக் கொடுத்தாள். குமுஷ் அதை மரியாதைக்காகக் குடித்துவிட்டு, கையுறைகளை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நாலு நாள் துர்சுனாய் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் காலையில் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பெர்மெத் கேட்டாள், அந்தக் கையெழுத்தை எனக்காகவா போட்டே? ஆமாம் என்று சொல்ல வாயெடுத்த துர்சுனாய், இல்லை, எனக்காகத்தான் என்றாள்.

நாற்பதாம் நாள் சடங்குக்கு அவளை யாரும் அழைக்கவில்லை. தானே நரினுக்கு வண்டி ஏறினாள். வாசலில் குதிரை அடித்துக் கறி வெந்துகொண்டிருந்தது. ஆண்கள் முற்றத்தில் நீளமாகப் போட்ட மேஜைகளில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் உள்ளே ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். குமுஷைத் தனியாகக் கூப்பிட்டு, சமோவாரில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்த மூலையில் வைத்துச் சொன்னாள். அவன் வரமாட்டேன் என்று சொல்லவே இல்லை. நான் கூப்பிடவே இல்லை. பத்து நிமிஷத்தில் வந்துவிடுகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். நான் மறந்துவிட்டேன். ஐம்பது அடி ஏறிப் பார்த்திருந்தால் அவன் கண்ணில் பட்டிருப்பான்.

குமுஷ் அடிக்கவில்லை, அழவும் இல்லை. "வந்துடறேன்னு சொன்னானா?" என்று மட்டும் கேட்டாள்.

"சொன்னாரு அபா."

"எங்கிட்ட சொன்னது பத்தாது. வா."

கையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். எழுபது எண்பது ஆண்கள். முல்லா ஓதி முடித்திருந்தார். இவள் ஒன்று சொல்லணும், கேளுங்கள் என்றாள் குமுஷ். துர்சுனாய் முதலில் சொன்னதையே மறுபடி, கொஞ்சமும் குறைக்காமல், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். பாதியில் குரல் இறங்கியது. "சத்தமா சொல்லு" என்றாள் குமுஷ். சத்தமாகச் சொன்னாள். அடக்கத்தன்று முணுமுணுத்த அந்தக் கிழவர் தலையைக் குனிந்துகொண்டார். எர்மெக்கின் அண்ணன் தலாய் எழுந்து வந்தான். அவன் கை ஓங்கியதை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

"விடுங்கடா. அடிச்சா இவளுக்குத்தான் பாரம் குறையும்" என்றாள் குமுஷ். பிறகு இவளிடம் திரும்பி, குரலை உயர்த்தாமல் சொன்னாள். "சொன்னது நல்லது. இனிமே எங்க கண்ணுல படாதே."

சாவு வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பும் வழக்கம் அந்த ஊரில் கிடையாது. அவளை அப்படித்தான் அனுப்பினார்கள். பஸ் நிற்கும் இடம்வரைக்கும் ஒரு நாய் பின்னாலேயே குரைத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் விசாரணை அதிகாரியிடம் போய் வாக்குமூலத்தை மாற்றி எழுதிக் கொடுத்தாள். அதிகாரி அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஆறிக்கொண்டிருந்த வழக்கு மறுபடி கொதித்தது. பொய் வாக்குமூலம் கொடுத்ததற்கும் சேர்த்து அவளுக்கு மூன்று வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை. குற்றம் நிரூபணமானவள் பிள்ளைகள் நடுவில் வேலை பார்க்கக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் நிறுத்திவிட்டார்கள். தெமிருக்கும் தண்டனை, குழு கலைந்தது. தீர்ப்பு நாளில் அவன் மனைவி நீதிமன்ற வாசலில் துர்சுனாயை மறித்து, உன் மனசு குளிர எங்க அடுப்பை அணைச்சிட்டியே என்று கேட்டாள். சத்தார் தானாகவே சாட்சிக்கூண்டில் ஏறிக் கிழவரை ஏற்றியதைச் சொன்னார். அவர்மேல் சட்டப்படி ஒன்றும் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வழியில் கை காட்டுகிற யாருக்காகவும் அவர் வண்டியை நிறுத்தியதில்லை என்கிறார்கள். குமுஷ் ஒருநாள்கூட நீதிமன்றத்துக்கு வரவில்லை. தலாய் எல்லா நாளும் வந்தான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு யாரோடும் பேசாமல் போவான்.

பெர்மெத் படிப்பை நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரியில் ராத்திரி உதவியாளர் வேலை பார்த்துக்கொண்டு படித்தாள். அம்மாவோடு முன்போலப் பேசுவதில்லை. வேளைக்குச் சோறு வைத்துவிட்டுப் போவாள். துர்சுனாய்க்கு நகரத்தின் வெந்நீர்க் குளியலறை ஒன்றில் துணி வெளுக்கும் வேலை கிடைத்தது. ஈர விரிப்புகளைப் பிழிந்து, கொதிக்கிற இயந்திரத்தில் போட்டு எடுத்து மடிப்பது. மாதம் ஒருமுறை கண்காணிப்பு அலுவலகத்தில் கையெழுத்து.

அடுத்த வருஷம் செப்டம்பரில் ஒருநாள் பகலில், நீராவிக்கு நடுவில் போன் அடித்தது. தெரியாத எண். தலாய். எர்மெக்கின் அண்ணன் என்று சொன்னான்.

"அம்மா கேக்கச் சொன்னாங்க. அன்னிக்கு ஏரிகிட்ட அவன் என்ன சாப்பிட்டான்?"

துர்சுனாய் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். ரெண்டு அவிச்ச முட்டை, ரொட்டி, கொஞ்சம் கறி என்றாள். ஒரு ஆப்பிளை நாலாக நறுக்கிப் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு ஒரு துண்டுதான் எடுத்துக்கொண்டான் என்றாள். டீ ரெண்டு கோப்பை, ரெண்டாவதுக்குச் சர்க்கரை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டான்.

"வயிறு நிறையச் சாப்பிட்டானா?"

"சாப்பிட்டாரு."

சரி என்று சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து போன் எதுவும் வரவில்லை.